தொட்டி வாய்

அந்த வருஷம் ஆடி மழை லேக் கார்டன்ஸை மூன்று நாள் முட்டியளவு தண்ணியில் வைத்திருந்தது. தண்ணி வடிந்த மறுநாள் காலையில் மித்ரா பாபுவின் சம்சாரம் கரண்டியும் கையுமாக மாடிப்படி இறங்கி வந்தாள். பருப்பு கொதிக்கையில் மேலே மயில்கழுத்து நிறத்தில் என்னமோ மிதக்கிறதாம். அவள் சொல்லி முடிப்பதற்குள் மூன்றாம் மாடியிலிருந்து இன்னொரு குரல் வந்தது. குளித்த பிள்ளைக்கு உடம்பெல்லாம் எரிகிறதாம்.

அன்னக்கிளி வாளியை விட்டுத் தரைத்தொட்டியில் தண்ணி மொண்டாள். மூக்கருகே கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. டீசல்.

அந்த வாடையை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். செத்துப்போன புருஷன் தலைமயிரில் அதைத்தான் முகர்ந்திருந்தாள், பதிமூன்று வருஷத்துக்கு முன்னால்.

வீட்டில் டீசல் வைத்தது லோட்ஷெட்டிங் காலத்து ஏற்பாடு. அப்போதெல்லாம் கல்கத்தாவில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எட்டுக் குடித்தனம் இருந்த அந்த நாலு மாடி வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் போட்டார்கள். அதற்கு டீசல் நிரப்பி வைக்கப் பின்முற்றத்தில் குழி வெட்டி, மூவாயிரம் லிட்டர் பிடிக்கும் இரும்புத் தொட்டி ஒன்றைப் புதைத்தார்கள். ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வட்டமான வாய், மேலே இரும்பு மூடி. பிறகு கரண்ட் ஒழுங்காக வர ஆரம்பித்தது. ஜெனரேட்டர் காயலான் கடைக்குப் போனது. தொட்டி மட்டும் மண்ணுக்குள்ளேயே கிடந்து துருப்பிடித்து, இந்த மழையில் ஓட்டை விழுந்து, பக்கத்திலிருந்த தண்ணித் தொட்டிக்குள் கசிந்துவிட்டது.

சாயங்காலம் எட்டு வீட்டுக்காரர்களும் முற்றத்தில் கூடினார்கள். சொசைட்டிக்கு மித்ரா பாபு செக்ரட்டரி. பேங்கில் இருந்து ரிட்டையரானவர், எதையும் எழுதி வைத்துத்தான் பேசுவார்.

"அன்னாதி, தொட்டியைத் தோண்டி எடுத்தே ஆக வேண்டும். உனக்குத் தெரிந்த கான்ட்ராக்டர் யாராவது உண்டா?" என்று கேட்டார்.

அன்னக்கிளி அந்த வீட்டின் கேர்டேக்கர். மோட்டார் போடுவது, கேட் பூட்டுவது, லிஃப்ட்காரனைக் கூப்பிடுவது எல்லாம் அவள்தான். மாடிப்படிக்கு அடியிலிருந்த ஒற்றை அறையில் அவளும் மகள் ஜெயப்ரியாவும் இருந்தார்கள். வங்காளிகளுக்கு அவள் பெயர் வாயில் நுழையாமல் 'அன்னாதி' ஆகியிருந்தது.

"இருக்கிறார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள் வங்காளியில். இப்போது அவள் பேசுகிற வங்காளியில் ஒரு குறை சொல்ல முடியாது.

முதலில் கூட்டி வந்தது முகமது இஸ்மாயிலை. வாணியம்பாடிக்காரர். கிதர்பூர் டாக்கில் பழைய கப்பல் இரும்பு வெட்டுகிற வேலை. அம்பது வயசிருக்கும், நெற்றியில் தொழுகைத் தழும்பு. தொட்டியைச் சுற்றி நடந்து பார்த்தவர், மூடியைத் தொடக்கூட இல்லை.

"மூடியத் தொறந்து எவனும் எட்டிக்கூடப் பாக்கக் கூடாதும்மா" என்றார்.

"ஏன் பாய்? உள்ள ஒண்ணும் இல்லியே. அடியில கொஞ்சம் சேறுதான் கீது."

"அதான் ஆபத்து. இரும்புத் தொட்டிய மூடி வெச்சா உள்ள துரு ஏறும். துரு ஏற ஏற நல்ல காத்தயெல்லாம் அது தின்னுடும். மிச்சம் இருக்கறது டீசல் ஆவி. எறங்குனவன் ரெண்டு தரம் மூச்ச இழுப்பான், மூணாவது மூச்சுக்கு ஆள் சரிஞ்சிடுவான். கத்தக்கூட வாய் வராது."

அன்னக்கிளி மூடியிலிருந்து இரண்டு எட்டு தள்ளி நின்றாள்.

"மொதல்ல எண்ணெய உறிஞ்சணும். அப்பால வாய் வரைக்கும் தண்ணி ரொப்பணும். ரொப்புனா கெட்ட காத்து வெளிய போவும். தண்ணிய எடுத்துட்டு மூணு நாள் புளோயர் வெச்சு ஊதணும். அதுக்கப்புறமும் இடுப்புல கயிறு கட்டாம நான் ஒரு ஆள எறக்க மாட்டேன். ஒரு வாரமாவும்."

"கத்தக்கூட வராதா பாய்?" என்று கேட்டாள்.

இஸ்மாயில் அவள் முகத்தைப் பார்த்தார். "எதுக்கும்மா கேக்கற?"

"சொம்மாத்தான்."

அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, சொசைட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பினாள். பிறகு தெருமுனை பூத்துக்குப் போய் பெஹாலாவுக்கு போன் போட்டாள்.

"பத்மநாபண்ணாவா? நான் அன்னக்கிளி பேசறேன். லேக் கார்டன்ஸ்லேருந்து. உங்களுக்கு ஒரு வேல கீதுணா."

*

ஏழுமலையைக் கல்கத்தாவுக்குக் கூட்டி வந்ததே பத்மநாபன்தான். இரண்டு பேருக்கும் ஆரணிப் பக்கம், பக்கத்துப் பக்கத்து ஊர். தெற்குக் கல்கத்தாவில் பத்துப் பதினைந்து வீடுகளுக்கு ஜெனரேட்டர் பார்க்கிற கான்ட்ராக்ட் எடுத்திருந்தார் பத்மநாபன். டீசல் ஊற்றுவதும் அவர்தான். ஏழுமலையை இந்த வீட்டில் ஆபரேட்டராகப் போட்டார். அன்னக்கிளி கைப்பிள்ளையோடு வந்து சேர்ந்து, மாடி வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள்.

தொண்ணூற்றொன்று, பங்குனி வெயில். ஜெனரேட்டர் இருமி இருமி நின்றுபோனது. தொட்டியின் அடியில் சேறு சேர்ந்து குழாயை அடைத்திருந்தது. பத்மநாபன் வந்தார். அன்னக்கிளி மூன்றாம் மாடிச் சமையலறையில் இருந்தாள். ஜன்னலுக்கு நேர் கீழே முற்றம். தொட்டி வாயருகே பத்மநாபன் குனிந்து நிற்பது தெரிந்தது. குரலும் கேட்டது.

"அந்த மூலையில இன்னும் கொஞ்சம் கீது பார்றா. வழிச்சிடு."

குழாயைத் திறந்து இரண்டு தட்டு கழுவியிருப்பாள். மறுபடி எட்டிப் பார்த்தபோது பத்மநாபன் இல்லை. தொட்டி திறந்தபடி கிடந்தது. மோர் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்க் கூப்பிட்டாள். ஏங்க, ஏங்க என்று நாலு தரம் கூப்பிட்டாள்.

ஃபயர் சர்வீஸ்காரர்கள் கயிறு போட்டுத் தூக்கினார்கள். ஒரு மணி நேரம் கழித்து பத்மநாபன் போலீசோடு வந்தார், இப்போதுதான் சேதி தெரிந்தவர் மாதிரி. அன்னக்கிளி போலீஸ்காரன் காலடியில் உட்கார்ந்து பார்த்ததையெல்லாம் சொன்னாள். இவர்தான் இறக்கிவிட்டார், இவர்தான் மேலே நின்றார், மூலையில் வழி என்று சொன்னார், நான் என் காதால் கேட்டேன். எல்லாம் தமிழில் சொன்னாள். அவளுக்கு அப்போது வேறு பாஷை தெரியாது. போலீஸ்காரன் சுற்றிலும் பார்த்து, இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டான்.

மொழிபெயர்த்துச் சொன்னவர் பத்மநாபன்.

நாலைந்து வாக்கியம் சொன்னார். போலீஸ்காரன் எழுதிக்கொண்டு அவளைப் பார்த்து, அப்படித்தானே என்பதுபோல் தலையை அசைத்தான். அன்னக்கிளி ஆமாம் என்று தலையாட்டினாள். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு ஆட்டினாள்.

அன்றைக்கு அவர் என்ன சொன்னார் என்பது அவளுக்குத் தெரிய ஒரு வருஷம் ஆயிற்று. பாத்திரம் தேய்த்த வீடுகளில் வங்காளி காதில் விழ விழ, அன்று கேட்ட சத்தங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. சோர் என்றால் திருடன். மோத் என்றால் சாராயம். கொமா என்றால் மன்னிப்பு. 'என் வீட்டுக்காரர் குடிகாரர், டீசல் திருட இறங்கினார், பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.' அதற்குத்தான் அவள் தலையாட்டியிருந்தாள். ஒரு நாள் அடுக்களையில் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருக்கும்போது கடைசி வார்த்தைக்கும் அர்த்தம் கிடைத்தது. கையில் இருந்த மீனை அப்படியே போட்டுவிட்டு, பின்கட்டுக்குப் போய் அன்று கூப்பிய கை இரண்டையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

பாராவில், அந்தப் பேட்டை முழுக்க, எல்லோரும் அதையே நம்பினார்கள். மாசாமாசம் டீசல் குறைந்ததற்கும் அது சரியாக இருந்தது. அன்னக்கிளியை 'தேல் சோரின் பெண்சாதி' என்றார்கள். ஜெயப்ரியா இஸ்கூலில் எண்ணெய்த் திருடன் மகள். பத்மநாபன்தான் பெரிய மனசு பண்ணி, பாவம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொசைட்டியில் பேசி அவளுக்கு அந்த அறையை வாங்கிக் கொடுத்தார். பொங்கலுக்குப் பொங்கல் அவர் வருவார். இவளும் "வாங்கணா" என்று பாயைத் தட்டிப் போடுவாள். ஊருக்குத் திரும்பிப் போயேன் என்று சொன்னவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஆறின சோற்றைத் தின்னத் தெரிந்தவளுக்கு அவசரம் என்ன?

*

"பத்மநாபனையா கூப்ட்ட? சத்தியமா சொல்லு மா, அந்த லோக்கையா, அந்த ஆளையா?"

ஜெயப்ரியாவுக்குப் பத்தொன்பது வயசு. கரியாஹாட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை, சாயங்காலம் காலேஜ். தமிழை வங்காளி மாதிரி உருட்டிப் பேசுவாள். ஏழுமலையை 'பாபா' என்பாள். ஆறு வயசில் பார்த்த பாபாவின் முகம் இப்போது அவளுக்கு போட்டோவில்தான் பழக்கம்.

"ஆமா. நாயித்துக்கெழம வர்றாரு."

"இஸ்மாயில் பாய் ஒழுங்கா செய்வாரில்ல? கேனோ மா, ஏன்? பாபாவ சோர்னு சொன்னவனுக்கு நீ வேலயும் குடுத்து சாவும் குடுப்பியா?"

சா என்றால் அவளுக்கு டீ. அன்னக்கிளி காதில் வேறாக விழுந்தது. சோறு போட்ட கை நின்றது.

"குடுப்பேன்" என்றாள்.

"உனக்கு ரோஷமே இல்ல. பதிமூணு வருஷமா அண்ணா அண்ணான்னு. எனக்கு லஜ்ஜையா இருக்கு. கிளாஸ் ஃபோர்ல அந்தப் பொண்ணு என் டிபன் பாக்ஸ மோந்து பாத்து டீசல் நாறுதுன்னு சொன்னாளே, அன்னிக்கி நீ என்ன சொன்ன? வுடு வுடுன்ன."

"சொன்னேன்."

"இப்பவும் வுடுவியா?"

"நீ நாயித்துக்கெழம வூட்ல இரு. எங்கியும் போவாத. முத்தத்துப் பக்கம் மட்டும் வராத."

ஜெயப்ரியா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். அன்னக்கிளி மகளின் ரசம் சோற்றையும் சேர்த்துத் தானே தின்றாள். வீணாக்குகிற பழக்கம் இல்லை. அவள் கணக்கு எளிதாகத்தான் இருந்தது. பத்மநாபனுக்கு இப்போது தொழில் படுத்துவிட்டது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தபின் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. கூலிக்கு ஆள் வைக்கத் திராணி இல்லாமல் தானே வேட்டியை மடித்துக் கட்டி இறங்குகிறார் என்று கேள்வி. இந்தத் தொட்டியிலும் இறங்கட்டும். இரண்டு மூச்சு, மூன்றாவது மூச்சு. தான் மூன்றாம் மாடியில் நின்று பார்ப்பதாக நினைத்துக்கொண்டாள். அப்புறம் மோர் எடுத்துக்கொண்டு நிதானமாகப் படியிறங்கி வந்து, அண்ணா அண்ணா என்று நாலு தரம் கூப்பிடுவாள்.

*

ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று காய்ந்தது. மாடி வீடுகளில் பூரி பொரிக்கிற வாசனை. ஒரு வீட்டில் ஆட்டுக்கறி குக்கர் விசிலடித்தது. ஒன்பது மணிக்கு பத்மநாபன் வந்தார். தலை முழுக்க நரைத்து, கழுத்துத் தொங்கியிருந்தார். சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடிக் கூடு. பின்னாலேயே இன்னொரு ஆளும் வந்தான்.

"இது ஹரிபதா. கானிங்லேருந்து வர்றான்" என்றார் பத்மநாபன். "நல்ல வேலக்காரன்."

நாற்பது நாற்பத்தைந்து வயசு, ஒல்லி. வந்தவன் சட்டையைக் கழற்றி மாமரக் கிளையில் மாட்டினான். கம்சாத் துண்டை இடுப்பில் இறுக்கினான்.

அன்னக்கிளி அவனையே பார்த்தாள். "நீங்க எறங்கலியாணா?"

"நானா? நல்லா கேட்ட போ. முட்டி ரெண்டும் போச்சு. அவன் எறங்கி சேத்த வாளியில ரொப்பிக் குடுப்பான், நான் மேலேருந்து வாங்கிக் கொட்டறேன். மத்தியானத்துக்குள்ள காலியாயிடும். நாளைக்கு வெட்டி எடுத்துடலாம். நீ டீ போடு."

கடப்பாரையைக் கொடுத்து இரண்டு பேரும் மூடியை நெம்பினார்கள். மூடி கிரீச்சிட்டுப் புரண்டது. உள்ளே இருந்து சூடான வாடை வந்து முகத்தில் அறைந்தது. ஹரிபதா மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். கயிறு இல்லை. புளோயர் இல்லை. ஒரு வாளி, ஒரு மூங்கில் ஏணி, அவ்வளவுதான்.

ஏணியை உள்ளே விட்டவன் என்னமோ நினைத்துக்கொண்டு அன்னக்கிளியிடம் வந்தான். இடுப்பிலிருந்து பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து நீட்டினான்.

"தீதி, இதை வைத்துக்கொள். உள்ளே நனைந்துவிடும். மேலே வந்ததும் வாங்கிக்கொள்கிறேன்."

அவள் வாங்கிக்கொண்டாள். பீடிக்கட்டு அவன் உடம்புச் சூட்டில் கதகதவென்று இருந்தது.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள்.

"பத்து நிமிஷம் என்கிறார் பத்மோபாபு."

அவன் தொட்டி வாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு காலை ஏணியில் வைத்தான். அப்போதுதான் அன்னக்கிளிக்குத் தன் கணக்கின் லட்சணம் தெரிந்தது. பத்மநாபன் என்றைக்குத் தொட்டிக்குள் இறங்கினார்? அன்றும் மேலே நின்றார், இன்றும் மேலே நிற்கிறார். உள்ளே போவது எப்போதும் வேறு ஒருத்தன். இந்த முறை அவனைக் கூட்டி வந்து நிறுத்தியது, பூத்திலிருந்து போன் போட்ட இவள்.

ஓடினாள். ஹரிபதாவின் தோளைப் பிடித்து இழுத்து அப்பால் தள்ளினாள். அவன் மல்லாக்க விழுந்தான். ஏணியை உருவி எறிந்துவிட்டு, அந்த வட்ட வாயின் மேலேயே குறுக்காகச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். வளையத்தின் இரும்பு தொடையில் சுட்டது.

"இன்னா அன்னக்கிளி! பைத்தியம் புடிச்சிருச்சா? எழுந்திரு!"

"நீங்க எறங்குங்கணா."

"இன்னாது?"

"நீங்க எறங்குங்க. அப்பால அவன் எறங்கட்டும்."

"முட்டி வலின்னு சொன்னேனில்ல?"

"நான் தூக்கி எறக்கறேன். அஞ்சு நிமிஷம் உள்ள குந்திக்கினு வாங்க. வாளியக்கூடத் தொட வேணாம்."

சத்தம் கேட்டு மாடி வராந்தாக்களில் தலைகள் தெரிந்தன. மித்ரா பாபு கையில் பேப்பரோடு இறங்கி வந்தார். கேட் பக்கம் கேரம் ஆடிக்கொண்டிருந்த கிளப் பையன்கள் உள்ளே வந்தார்கள். வராதே என்று சொல்லியிருந்த ஜெயப்ரியாவும் ஈரத்தலையோடு வந்து நின்றாள்.

பத்மநாபன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். தமிழில் பேசினால் இரண்டு பேருக்குத்தான் புரியும் என்ற தைரியம்.

"பொம்பள, வெளையாடாத. நாலு பேரு பாக்கறாங்க. எழுந்து போ."

"அன்னிக்கி போலீசுல இன்னா சொன்னீங்க? குடிச்சிட்டு டீசல் திருட எறங்குனான், அதான் செத்தான்னு சொன்னீங்க. நீங்க குடிக்கலியே, திருடலியே, எறங்க இன்னா பயம்?"

"யாரு சொன்னது அப்பிடி..."

"நீங்க வங்காளியில சொன்னது அத்தினியும் எனக்கு மனப்பாடம்ணா. சொல்லட்டா?"

பத்மநாபன் வேண்டாமென்று கையைக் காட்டினார். அவள் அதை அவர் குரலிலேயே, அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, வங்காளியில் ஒப்பித்தாள். குடிகாரர். திருட இறங்கினார். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். மித்ரா பாபு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இப்ப எறங்குங்க" என்றாள் தமிழில்.

"அன்னக்கிளி, உன் கால்ல வேணா வுழறேன். அதுல எறங்குனா மனுசன் பொழைக்க மாட்டான்."

"அது உங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

அவர் ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

"சொல்லுங்க. நேத்து தெரியுமா? போன வருசமா? அவர எறக்கிவுட்ட அன்னிக்கே தெரியுமா?"

"சீக்கிரம் ஏறிடுவான்னு நெனச்சேன்" என்றார் பத்மநாபன். "ரெண்டு நிமிஷ வேலதான். வழிச்சிட்டு ஏறிடுவான்னுதான் நெனச்சேன். கூப்ட்டேன், பதில் வர்ல."

"கயிறு?"

"கயிறு கொண்டாரல."

"அப்பால?"

"பயந்துட்டேன். எனக்கும் புள்ளகுட்டி கீது."

"டீசல் கொறஞ்சது?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப..."

"டீசல் கொறஞ்சது யாரால?"

சட்டைப் பையின் கண்ணாடிக் கூட்டைத் தடவிக்கொண்டே, "நான்தான் கொறச்சி ஊத்தினேன்" என்றார்.

அன்னக்கிளிக்குத் தலை கிறுகிறுத்தது. கீழேயிருந்து வாடை புடவைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கவில்லை. மித்ரா பாபு பக்கம் திரும்பினாள்.

"தாதா, இவர் சொன்னதை நான் வங்காளியில் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்."

ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கயிறு கொண்டுவராததையும், அவருக்குப் பிள்ளைகுட்டி இருப்பதையும்கூட விடவில்லை. பேப்பரின் வெள்ளை ஓரத்தில் மித்ரா பாபுவின் பேனா ஓடியது. மேலே யாரோ குக்கர் அடுப்பை அணைத்தார்கள்.

எழுதி முடித்தவர் பத்மநாபனைப் பார்த்துக் கேட்டார்: "இவள் சொன்னது சரிதானா?"

பத்மநாபன் கேட் பக்கம் பார்த்தார். கிளப் பையன்கள் அதைச் சாத்திவிட்டு நின்றார்கள். ஜெயப்ரியா ஒரு எட்டு முன்னால் வந்து, "எனக்கும் தமிழ் தெரியும், பத்மநாபன் காக்கு" என்றாள்.

அவர் தலையாட்டினார். அவரை அறியாமலே கை இரண்டும் கூப்பிக்கொண்டன.

ஹரிபதா மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தான். அவனுக்கு எல்லாம் புரிய இவ்வளவு நேரமாகியிருந்தது. மாமரத்திலிருந்து சட்டையை எடுத்தவன் பத்மநாபனின் காலடியில் காறித் துப்பினான். பிறகு அன்னக்கிளியிடம் வந்து கையை நீட்டினான். பீடிக்கட்டு அவள் முஷ்டிக்குள் நசுங்கிக் கிடந்தது.

"வேறு வாங்கித் தருகிறேன்" என்றாள்.

"பரவாயில்லை, கொடு" என்றான். அதிலிருந்து உடையாத ஒன்றைத் தேடி எடுத்து, தொட்டியைவிட்டு வெகுதூரம், தெருவுக்கே போய்ப் பற்ற வைத்தான். மத்தியானம் அவனை உட்கார வைத்துச் சோறு போட்டாள். முருங்கைக்காய்ச் சாம்பாரை அவன் புளி போட்ட பருப்பா என்று கேட்டான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே பரிமாறினாள்.

*

போலீஸ் தாணாவில் ஆபீசர் நல்லவராகத்தான் பேசினார். "பதிமூன்று வருஷம் ஆகிவிட்டது அம்மா. பிரேதப் பரிசோதனைக் காகிதம்கூட இருக்காது. கேஸ் நிற்காது."

"நிற்காவிட்டால் போகட்டும். உங்கள் புஸ்தகத்தில் அவரைத் திருடன் என்று எழுதியிருக்கிறது. இன்றைக்கு அதை மாற்றி எழுதுங்கள்."

"அந்தப் புஸ்தகம் எந்தக் குடோனில் கிடக்கிறதோ!"

"புதுசில் எழுதுங்கள்."

எழுதுகிற வரைக்கும் பெஞ்சியிலிருந்து எழுந்திருக்கவில்லை. இரண்டு நாள் போனாள். மித்ரா பாபு அன்றே வெள்ளைத்தாளில் எடுத்தெழுதி பத்மநாபனிடம் கையெழுத்து வாங்கியிருந்த காகிதத்தில், மூன்றாம் நாள் டைரி நம்பரும் சீலும் விழுந்தது.

தொட்டியை இஸ்மாயில்தான் எடுத்தார். தண்ணி ரொப்பி, இறைத்து, மூன்று நாள் புளோயர் வைத்து ஊதினார். பிறகு சங்கிலி போட்டுத் தூக்கினார். வெயிலில் வைத்துப் பார்த்தால் அது அப்படியொன்றும் பெரிய தொட்டியில்லை. ஏழுமலை உள்ளே நிமிர்ந்துகூட நின்றிருக்க முடியாது. அன்னக்கிளி அதைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, குழியில் மண் போடச் சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மகள் கேட்டாள். "மா, இஸ்மாயில் பாய் உன்கிட்ட முன்னாடியே எல்லாம் சொன்னாராமே. துரு காத்த தின்னும், எறங்குனா போயிடுவாங்கன்னு. தெரிஞ்சுதான் பத்மநாபன கூப்ட்டியா?"

"ஆமா."

"அந்த ஆளு சாவட்டும்னு?"

"ஆமா. அன்னிக்கி நீ டீ குடுப்பியான்னு கேட்ட. நான் குடுக்க இருந்தது வேற."

ஜெயப்ரியா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆனா போயிருக்க வேண்டியவன் ஹரிபதா" என்றாள் அன்னக்கிளி. "அவனுக்கு மூணு பொண்ணுங்களாம். சாப்புடும்போது சொன்னான்." அடுப்பைத் தணித்துவிட்டு, "பத்மநாபன் சாவ வேணாம். இருக்கட்டும். ரொம்ப நாளு இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஜெயப்ரியாவின் பையில் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. சீல் வைத்த காகிதத்தின் ஜெராக்ஸ், இருநூறு. அன்னக்கிளி கேட்கவில்லை. அடுப்பில் மைதாவைக் கரைத்து வைத்துப் பசை கிளறினாள்.

பத்மநாபனைத் தெரிந்த இடங்களையெல்லாம் இருவரும் சேர்ந்து தேடினார்கள். பழைய ஜெனரேட்டர் ஷெட்டுகள், அவர் டீ குடிக்கிற கடைச் சுவர், தமிழர்கள் வந்து போகிற மளிகைக் கடை வாசல், அவர் வருஷா வருஷம் முன்வரிசையில் நிற்கிற முருகன் கோயில் பூஜைப் பந்தலின் மூங்கில் கம்பம். வங்காளியில் மித்ரா பாபு எழுதியதற்குக் கீழே, தமிழிலும் நாலு வரி ஜெயப்ரியா எழுதிச் சேர்த்திருந்தாள். எழுத்துப்பிழை இருந்தது. அன்னக்கிளி திருத்தவில்லை, அவளுக்கும் எழுதத் தெரியாது. மளிகைக்கடைக்காரர் படித்துவிட்டுக் கிழிக்காமல் விட்டார். கோயில் கமிட்டியில் அந்த வருஷம் பத்மநாபனைக் கூப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

கடைசியாக பெஹாலா. டிராம் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தார்கள். புதுசாகப் பச்சைப் பெயிண்ட் அடித்த வீடு. கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் பசை தடவி, அன்னக்கிளி காகிதத்தை ஒட்டினாள். உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி நீவி, ஒரு சுருக்கம் இல்லாமல் படிய வைத்தாள். ஒன்று போதாதென்று பக்கத்தில் இன்னொன்று. தெருவில் போன இரண்டு பேர் நின்று படிக்க ஆரம்பித்தார்கள்.

மேலே வராந்தாவில் பத்மநாபன் வந்து நின்றார். பனியனோடு இருந்தார்.

"இன்னும் இன்னா வேணும் உனக்கு?" என்று கேட்டார். "எல்லாந்தான் போயிடுச்சே. கையெடுத்துக் கும்பிட்டேனே, கால்ல வுழறேன்னு சொன்னேனே. இன்னும் இன்னாதான் வேணும்?"

அன்னக்கிளி நிமிர்ந்து பார்க்கவில்லை. பசைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் வந்து, காகிதம் நேராக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"போலாமா மா?" என்றாள் ஜெயப்ரியா.

"இரு" என்றாள் அன்னக்கிளி. "தள்ளி நில்லு, உன் நெழலு அது மேல வுழுது. காயட்டும்."